பூனைக்கும் வைத்தியமா?

2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம். கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து சற்று உள்ளே அமைந்துள்ள ஒரு கிராமத்தில் மகளிர் குழுக் கூட்டம் முடிந்திருந்தது. முதல் மாதம்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியிருந்தது. அதைப் பற்றியும், அரிசி விலையைப் பற்றியும், கட்ட முடியாத நுண்கடனைப் பற்றியும் இரண்டு மணித்தியாலம் கதைத்துக் களைத்திருந்தோம். எல்லோரும் எழுந்து போன பின்பும் ஒரு அக்கா மட்டும் பாய் சுருட்டுகிற சாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

இப்படித் தனியாக நிற்பவர்கள் சொல்ல வருவது பெரும்பாலும் பாரமான விடயமாகவே இருக்கும். நான் குறிப்புப் புத்தகத்தை மீண்டும் திறந்தேன்.

"மிஸ், பூனைக்கு மருந்து எடுக்கிற இடம் எங்கையும் இருக்கோ?"

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். சிரிப்பு வந்ததை மறைத்தேனா என்று இப்போது நினைவில்லை. "யாற்ற பூனை அக்கா?" என்று கேட்டேன்.

"ஒருத்தற்றையும் இல்லை. ஊர்ப் பூனை. மூண்டு நாளாச் சாப்பிடேல்லை. கன்னம் வீங்கிப்போய்க் கிடக்குது. காய்ச்சலும் இருக்குது போல."

"அரைப் பனடோலைக் கரைச்சுப் பருக்கிப் பாருங்கோ அக்கா. மாறீடும்."

இப்படிச் சொல்லிவிட்டு நான் ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த அக்காவும் அந்தப் பூனையும்

தன் பெயரைப் போட வேண்டாம் என்றும், நடந்ததை எழுதலாம் என்றும் அந்த அக்கா அனுமதி தந்திருக்கிறார். 2009இல் கணவர் காணாமல் போனார். அப்போது மகளுக்கு ஒரு வயது. செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் இருந்து, மீளக்குடியேறி, இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்து, வயலில் கூலி வேலை செய்து மகளைப் படிப்பிக்கிறார். எமது அலுவலகத்தில் அவருக்கென்று தடித்த கோவை ஒன்று இருக்கிறது. அதில் அவருடைய கடன் எவ்வளவு, கிணறு எவ்வளவு ஆழம், மலசலகூடத்துக்குக் கதவு இருக்கிறதா என்பதெல்லாம் பதியப்பட்டுள்ளது. பூனை பற்றி எங்கேயும் இல்லை. "வீட்டில் வசிப்போர்" என்ற இடத்தில் நாங்கள் மனிதர்களை மட்டும்தானே எழுதுவோம்.

அது மண்ணிறக் கோடுகள் போட்ட ஒரு கடுவன். முந்தைய ஆண்டு அறுவடை நேரத்தில் எங்கிருந்தோ வந்து சேர்ந்ததாம். கூலிக்குப் பதிலாகக் கிடைத்த நெல் மூட்டையை அக்கா அறை மூலையில்தான் வைத்திருந்தார். இரவில் எலிச் சத்தம் கேட்டுத் தாயும் மகளும் எழும்பி இருப்பார்களாம். பூனை வந்த பிறகு அந்தச் சத்தம் குறைந்துவிட்டது. சோற்றுடன் சூடை மீனின் தலையைப் பிசைந்து வைத்தால் தின்னும்; வைக்காவிட்டாலும் போகாது. மகள் படிக்கும்போது மேசைக்குக் கீழே படுத்திருக்கும். அவ்வளவுதான் உறவு. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.

பனடோல் தப்பவிட்ட உயிர்

மறுநாள் காலை வேறொரு வேலையாக ஒரு கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தருடன் தொலைபேசியில் கதைக்க நேர்ந்தது. மாடுகளுக்குச் சினைப்படுத்தல் செய்வதற்காகக் கிராமம் கிராமமாகத் திரிபவர் அவர். கதையோடு கதையாகப் பூனை விடயத்தைச் சொன்னேன். பனடோல் என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய குரல் மாறியது.

"என்ன வேலை பாத்தீங்கள் மிஸ்? பூனைக்குப் பனடோல் நஞ்சு. உடனே மறியுங்கோ!"

எங்களுடைய ஈரல் பனடோலை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வல்லமை போதாது. அதனால் மருந்து நஞ்சாக மாறி இரத்தத்தைத் தாக்கும். இரத்தத்தால் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் போகும். முரசு கபில நிறமாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அரைக் குளிசையும் ஆபத்துத்தான். இதை எல்லாம் பிறகுதான் அறிந்தேன்.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இணைப்புக் கிடைக்கவில்லை. அது நாளாந்த மின்வெட்டுக் காலம். பெற்றோலும் பங்கீட்டில்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கியிருந்த காலம். இருந்த பெற்றோலில் ஓடினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். படித்தவள், உத்தியோகம் பார்ப்பவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அவர் கொடுத்திருப்பாரே!

அக்கா கொடுக்கவில்லை. பூனை திண்ணையில் சாக்கின் மேல் கிடந்தது, மூச்சு இருந்தது.

"வீட்டில ரெண்டு பனடோல்தான் மிச்சம் கிடந்தது மிஸ். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் வேணுமெண்டு வைச்சிட்டன். நீங்கள் சொல்லியும் குடுக்காமல் விட்டிட்டனெண்டு கோவிக்காதேங்கோ."

என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல அவர் நின்றார். நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டின் வறுமைதான் அந்த உயிரைக் காப்பாற்றியிருந்தது. என்னுடைய ஆலோசனை அல்ல.

கடகத்தில் ஒரு பயணம்

பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போவதென்று முடிவெடுத்தோம். மாடு, ஆடு, கோழி ஆகியவற்றுக்காகவே பெரும்பாலும் இயங்கும் அலுவலகம் என்றாலும், நாய் பூனையையும் பார்ப்பார்கள் என்று அந்த உத்தியோகத்தர் சொல்லியிருந்தார்.

பூனையை எப்படிக் கொண்டு போவது? அக்கா ஒரு பனையோலைக் கடகத்தில் பழைய சாரத்தை விரித்து அதைக் கிடத்தினார். மேலே இன்னொரு கடகத்தைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினார். காற்றும் போகும், பாயவும் முடியாது. நூற்றுக்கணக்கான பயிற்சிப் பட்டறைகளுக்குப் போய் வந்த எனக்கு அந்த யோசனை வந்திருக்காது.

கிராமத்தில் ஒரு தம்பியிடம் முச்சக்கர வண்டி இருந்தது. பங்கீட்டுப் பெற்றோலை அவசர நோயாளருக்கென்று சேமித்து வைத்திருந்தார். கடகத்தைப் பார்த்ததும், "மனுசருக்கே பெற்றோல் இல்லை அக்கா, இது பூனை" என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. அக்கா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் கடகத்தை வைத்துவிட்டு நின்றார். சிறிது நேரம் கழித்து அந்தத் தம்பி தானாகவே, "சரி, ஏறுங்கோ. வரேக்குள்ள பஸ்ஸில வாங்கோ" என்றார்.

அக்காவின் தோளில் ஒரு துணிப்பையும் இருந்தது. என்னவென்று கேட்டேன். அடையாள அட்டை, குடும்ப அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ், கணவரைப் பற்றி இதுவரை கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள். "ஒப்பீசெண்டால் கேப்பினம்தானே மிஸ்" என்றார். பதின்மூன்று வருடங்களாக எந்த அலுவலகப் படியில் ஏறினாலும் அந்தப் பையுடன்தான் ஏறியிருக்கிறார்.

"உரிமையாளர் பெயர்?"

அலுவலகத்தில் எமக்கு முன்னால் ஒரு ஐயா கன்றுக்குட்டியுடன் நின்றார். கடகத்தைப் பார்த்துவிட்டு, "கோழியோ?" என்று கேட்டார். பூனை என்றதும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

பதிவேட்டை விரித்து வைத்திருந்தவர் கேட்டார். "உரிமையாளர் பெயர்?"

அக்கா துணிப்பையைத் திறக்கப் போனார். பிறகு நிறுத்தி, "அது ஊர்ப் பூனை ஐயா. ஒருத்தற்றையும் இல்லை" என்றார்.

"அப்பிடி எழுதேலாது. யாற்றையும் பெயர் வேணும்."

அக்கா என்னைப் பார்த்தார். நானும் பேசாமல் நின்றேன். இது அவர் சொல்ல வேண்டிய பதில்.

"அப்ப என்ர பெயரை எழுதுங்கோ" என்றார்.

அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை. பெயரும் கிராமமும் மட்டும்தான். அவ்வளவு இலகுவாக ஒரு அலுவலகத்தில் ஒரு வேலை முடிந்ததை அக்காவால் நம்ப முடியவில்லை.

வைத்தியர் ஒரு பெண், என்னைவிடவும் இளையவர். கடகத்தை அவிழ்க்க அக்கா கையை நீட்டியதும் அவருடைய கண் பூனையில் படவில்லை, அக்காவின் பெருவிரலில் பட்டது. அங்கே இரண்டு சின்னத் துளைகள்.

"இது எப்ப கடிச்சது?"

"நேற்று. தண்ணி பருக்கேக்க. சின்னக் காயம்தான். கோப்பித்தூள் வைச்சனான்."

"பூனையைப் பிறகு பாப்பம் அம்மா. முதல்ல கையைக் கழுவுங்கோ. சவர்க்காரம் போட்டு, ஓடுற தண்ணியில, 15 நிமிசம்."

வெளியே பைப்படியில் நாங்கள் இருவரும் நின்றோம். 15 நிமிடம் என்பது கை கழுவுவதற்கு நீண்ட நேரம். அந்த நேரத்தில்தான் நான் கேட்டேன், இவ்வளவு கஷ்டத்திலும் இந்தப் பூனைக்காக ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று.

அக்கா கையைத் தேய்த்தபடியே சொன்னார். "2009 தை மாதம் வெளிக்கிடேக்க மாட்டை அவிட்டு விட்டிட்டு வந்தம். கண்டு கொஞ்சத் தூரம் பின்னால வந்தது. அவர் கல்லெடுத்து எறிஞ்சு திருப்பிவிட்டவர். எறிஞ்சிட்டு அழுதவர். எத்தினையை விட்டிட்டு வந்தம் மிஸ். அப்ப வழியில்லை. இப்ப சண்டை இல்லைத்தானே. இப்பவும் என்னெண்டு விடுறது?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் நேரத்தைப் பார்த்தேன். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

சீழ்க்கட்டி

பூனைக்கு வந்திருந்தது கடுவன்களுக்கு அடிக்கடி வருகிற நோய்தான். கடுவன்கள் தங்களுக்குள் சண்டை பிடிக்கும்போது கூரான பல் தோலைத் துளைத்துக் கிருமியை உள்ளே விட்டுவிடும். வெளியே துளை சீக்கிரம் மூடிவிடும். உள்ளே இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டும். பூனையின் சாதாரண உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ். எங்கள் பூனைக்கு 40ஐயும் தாண்டியிருந்தது.

வைத்தியர் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றி, உப்புநீரால் உள்ளே கழுவினார். நாற்றம் தாங்க முடியவில்லை. அக்கா சாரத்தால் பூனையைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியப் பிடித்திருந்தார். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஒன்று ஏற்றினார்கள். தோலுக்குக் கீழே சேலைனும் கொடுத்தார்கள். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலமாதலால் குளிசையை வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்தார்கள்.

"வீக்கம் வத்தினவுடன நிப்பாட்டக்கூடாது. சொன்ன நாள் முழுக்கக் குடுக்க வேணும்" என்றார் வைத்தியர். "நீர்வெறுப்பு நோய் மாதிரித் தெரியேல்லை. ஆனாலும் கடிச்சிருக்கு, தடுப்பூசி போடாத பூனை. நீங்கள் இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். பூனையை 14 நாள் கவனிச்சுப் பாருங்கோ. செத்தாலோ, குணம் மாறினாலோ உடன அறிவியுங்கோ."

அக்கா தயங்கினார். பூனைக்கென்று வந்தவருக்குத் தனக்கென்று ஒரு இடத்துக்குப் போவது பெரிய வேலையாகத் தெரிந்தது. "நாளைக்குப் போறனே" என்றார். வைத்தியர் விடவில்லை. "நீங்கள் படுத்தால் இந்தப் பூனைக்கு ஆர் மருந்து குடுக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அக்கா அசைந்தார்.

அரசாங்க வைத்தியசாலையில் தடுப்பூசி இலவசமாகவே போட்டார்கள். ஊசி போடுவதற்குச் சட்டைக் கையை உயர்த்தியபோது தோளில் இருந்த பழைய தழும்பைத் தாதி கண்டார். உள்ளே செல் துண்டு இருக்கிறது, மழைக் காலத்தில் கையைத் தூக்க முடியாது என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். எங்களுடைய கோவையில் அதுவும் இல்லை. நாங்கள் கேட்டிருக்கவில்லை; அவரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த தடுப்பூசிக்கு வருகிற அதே நாளில் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கும் காட்டும்படி தாதி ஒரு துண்டு எழுதித் தந்தார். துண்டை எடுக்கத் தேவையில்லை, அப்படியே விடலாம் என்று பின்னர் அங்கே சொன்னார்கள். நோவுக்கு மருந்தும் கைக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். நோ முற்றாக மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். குடத்தை இடுப்பில் ஏற்ற இப்போது மகளைக் கூப்பிடத் தேவையில்லை என்கிறார்.

சகோதரிகள் அறிய வேண்டியவை

எமது கிராமங்களில் பூனை இல்லாத வீடு குறைவு. எனவே அன்று நான் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பூனை, நாய் கடித்தாலோ, கீறினாலோ, காயத்தில் நக்கினாலோ உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே தருகிற திகதிகளில் ஒன்றையும் தவறவிட வேண்டாம். 1973இல் எமது நாட்டில் நீர்வெறுப்பு நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியாலேயே அந்தத் தொகை இன்று பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துள்ளது. ஆனால் நோயின் அறிகுறி தெரிந்த பின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. நாயால் மட்டுமல்ல, பூனையாலும் இது வரும். பிள்ளைகள் பயத்தில் மறைப்பார்கள். பேசாமல், அடிக்காமல் கேளுங்கள்.

மனிதருக்குரிய எந்த மருந்தையும் பூனைக்குக் கொடுக்க வேண்டாம். பனடோல் மட்டுமல்ல, மற்ற நோக் குளிசைகளும் ஆபத்தானவை. புண்ணுக்கு டெற்றோல் போடவும் கூடாது. பூனை தன் உடலை நக்கும்போது அது வயிற்றுக்குள் போய்விடும். அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கலந்து கழுவினால் போதும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் சில பூனையைக் கொன்றுவிடும். கேட்காமல் போட வேண்டாம்.

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செமிக்காது, வயிற்றோட்டம் வரும். நோயுற்ற பூனைக்கு மாப்பால் கரைத்து வைப்பதைவிடத் தண்ணீரும், உப்பும் தூளும் போடாமல் அவித்த மீனும் நல்லது. இரண்டு நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் ஈரல் பாதிக்கப்படலாம். "தானாக மாறும்" என்று பார்த்திருக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள் பூனையின் கழிவை அள்ள வேண்டாம். வேறு ஆள் இல்லையென்றால் கைக்குப் பொலித்தீன் உறை போட்டு, பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

நாய்களுக்குப் போல பூனைகளுக்கும் நீர்வெறுப்புத் தடுப்பூசி உண்டு. உங்கள் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இன்று

பூனை பிழைத்துவிட்டது. குளிசையைத் தூளாக்கி மீனுக்குள் வைத்துக் கொடுத்தது மகள். 14 நாளும் ஒரு கொப்பியில் திகதி போட்டு, தின்றது, குடித்தது, படுத்தது எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். அடுத்த ஆண்டு அதற்கு நலமடிப்பித்தார்கள். "மாட்டுக்கு நலமடிக்கிறது தெரியும், பூனைக்குமா?" என்று ஊரே சிரித்தது. இப்போது சண்டைக்குப் போவது குறைவு. வீங்கின கன்னத்தில் மட்டும் மயிர் சரியாக வளரவில்லை.

என்னுடைய வேலையிலும் ஒரு மாற்றம் உண்டு. வீடுகளுக்குப் படிவத்துடன் போகும்போது, "உங்களோட வேற ஆர் இருக்கினம்?" என்று இப்போது கேட்கிறேன். ஆடு என்பார்கள், கிளி என்பார்கள், முற்றத்து நாயைக் காட்டுவார்கள். அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர்கள் மெல்ல மெல்லத் தங்களைப் பற்றியும் சொல்கிறார்கள். படிவத்தில் அதற்கு இடமில்லை, ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.

போன முறை போனபோது அக்கா அந்தத் துணிப்பையைத் திறந்து ஒரு கடதாசியைக் காட்டினார். கால்நடை வைத்திய அலுவலகத்தில் தந்த மருந்துத் துண்டு. கணவரைப் பற்றிய கடிதப் பிரதிகளுக்கு மேலே, மடிக்காமல் வைத்திருந்தார்.

"இத்தினை கடதாசிக்குள்ள மிஸ், போன காரியம் முடிஞ்ச கடதாசி இது ஒண்டுதான்" என்றார்.